பேரேடு திறக்க மறுக்கும்போது

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நிலை அதன் கணக்கில் இருக்கிறது. கட்டடம் பழுதுபட்டால் வேறோர் இடத்தை வாடகைக்குப் பிடிக்கலாம். நூல் வரத்துத் தாமதித்தால் நான்கு நாள் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த அங்கத்தினர் எத்தனை கிலோ நூல் பெற்றார், எத்தனை உருப்படி நெய்து கொடுத்தார், அவருக்குச் சேர வேண்டிய கூலி எவ்வளவு, சிக்கன நிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்பதைச் சொல்லும் ஏடு கைக்கு அகப்படாவிட்டால் சங்கம் ஒரு நாள்கூட நடவாது. விளைபொருள் விற்பனைச் சங்கங்களுக்கும் இதே நிலைதான். எடை போட்ட மூட்டைக்கும் கொடுக்க வேண்டிய பணத்துக்கும் நடுவே நிற்பது கணக்கு ஒன்றே.

1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட காலந்தொட்டு, நெடுநாள் வரை அந்த ஏடு காகிதத்தில்தான் இருந்தது. இன்று பல சங்கங்களில் அது கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்குவதற்கென ரூ. 2,516 கோடியில் வகுக்கப்பட்ட திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. இத்திட்டத்தில் சேராமல், தம் அலுவலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கணக்கெழுதும் சங்கங்களும் உண்டு.

இந்த மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. கூட்டல் பிழை குறைந்தது. ஆண்டுக் கணக்கு முடிப்பது எளிதாயிற்று. ஆயினும், கூலி வாங்க வந்தவர்கள் முன்பு கேட்டறியாத ஒரு சொல்லும் கூடவே வந்து சேர்ந்தது. “சர்வர் வரவில்லை” என்பதே அச்சொல். சனிக்கிழமை காலையில் வரிசையில் நிற்கும் நெசவாளிக்கு அதன் பொருள் ஒன்றுதான்: இன்று வீட்டில் அரிசி வாங்கப் பணமில்லை.

அந்த வேளையில் சங்கத்தில் செய்யத் தக்கது யாது, செய்யத் தகாதது யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். பழுது பார்ப்பது நிபுணர் வேலைதான். எனினும், பழுது எத்தகையது, எதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது என்னும் அளவுக்கேனும் அங்கத்தினரும் நிர்வாகக் குழுவினரும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் கெட்டுப்போவது சங்கத்தின் கணக்கு, நஷ்டம் நம்முடையது.

இரண்டு ஏடுகள்

தரவுத்தள சர்வர் என்பதை ஓயாது உழைக்கும் கணக்குப்பிள்ளை எனலாம். அது கம்ப்யூட்டருக்குள் இயங்கும் ஒரு நிரல். மேஜையிலுள்ள சிப்பந்தி ஓர் அங்கத்தினரின் எண்ணைத் தட்டியதும், அவருடைய கணக்கை எடுத்துக் கொடுப்பதும், புதிய பற்றையும் வரவையும் எழுதிக்கொள்வதும் அதன் தொழில். உலகில் இத்தகைய சர்வர்கள் பல உள்ளன. நாம் இங்கே போஸ்ட்கிரெஸ் என்பதை உதாரணமாகக் கொள்வோம். அது 1986-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்லியில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. விலையின்றிக் கிடைப்பது, பெரிய நிறுவனங்களும் சிறிய அலுவலகங்களும் ஒருங்கே கையாள்வது.

இதன் உள்வேலையைப் புரிந்துகொள்வது நம்மவர்க்குக் கடினமன்று. நமது சங்கங்களில் நடந்த காரியங்களை நடந்த வரிசையிலேயே முதலில் குறிப்பேட்டில் எழுதுகிறோம். பின்னர் அவற்றை அவரவர் பெயரிலுள்ள பேரேட்டுப் பக்கத்துக்கு எடுத்தெழுதுகிறோம். சர்வரும் அப்படியே செய்கிறது. ஒரு வரவு வந்தால் முதலில் குறிப்பேட்டில் அழியாதபடி எழுதி முடிக்கும். பிறகுதான் “பதிவாயிற்று” என்று சொல்லும். பேரேட்டில் எடுத்தெழுதும் வேலையைச் சற்று நேரங் கழித்து, மொத்தமாகச் செய்துகொள்ளும்.

இதனால் விளையும் நன்மை பெரிது. நடுவே மின்சாரம் நின்றுபோனால் பேரேடு அரைகுறையாக நிற்கும். ஆனால் குறிப்பேடு முழுமையாக இருக்கும். மின்சாரம் வந்ததும் சர்வர் தானே குறிப்பேட்டைப் புரட்டி, விட்டுப்போனவற்றைப் பேரேட்டில் ஏற்றி, இரண்டும் ஒத்துக்கொண்ட பின்னரே கதவைத் திறக்கும். அதுவரை “தொடங்கிக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிக் கேட்பவரைத் திருப்பி அனுப்பும். இதைப் பழுதென்று எண்ணிச் சிலர் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போடுவர். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அந்த வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். பத்து நிமிஷத்தில் திறந்திருக்க வேண்டிய கணக்கு பகல் முழுவதும் திறவாமற் கிடக்கும். ஆகவே, மின்தடைக்குப் பின் சர்வர் வரத் தாமதித்தால், அது வேலை செய்கிறதா அல்லது நின்றுவிட்டதா என்று பார்த்தறிவதே முதற் காரியம்.

மறுப்புக்குக் காரணம் உண்டு

தறியில் இழை அறுந்தால் அனுபவமுள்ள நெசவாளி என்ன செய்கிறார்? மிதியை விட்டுக் காலை எடுக்கிறார், நாடாவை நிறுத்துகிறார், அறுந்த இடம் எது என்று பாவைக் கண்ணால் தடவுகிறார், அந்த ஓர் இழையை மட்டும் எடுத்து முடிகிறார். அறுந்த இழை தெரியாமல் பாவை இழுப்பவர் ஓரிழைப் பழுதை நூறு இழைப் பழுதாக்குகிறார். பம்புசெட்டு ஓடவில்லையென்றால் விவசாயி உடனே மோட்டாரைப் பிரிப்பதில்லை. மின்சாரம் வருகிறதா, பியூஸ் போயிற்றா, புட்வால்வில் தண்ணீர் நிற்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். இந்த இரண்டு பாடங்களுமே சர்வருக்கும் போதும்.

முக்கியமாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தொடங்க மறுக்கும் சர்வர் பெரும்பாலும் கணக்கைக் காப்பதற்காகவே மறுக்கிறது. ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை; அந்நிலையில் எழுதத் தொடங்கினால் கணக்குக் கெடும் என்று கண்டு அது நின்றுகொள்கிறது. அதுவும் வாய் மூடி நிற்பதில்லை. தான் நின்ற காரணத்தை நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டே நிற்கிறது. பெரும்பாலும் அதன் கடைசிச் சில வரிகளிலேயே விடை இருக்கும். அதைப் படியாமல் கைவைப்பது, நோயாளி சொல்வதைக் கேளாமல் மருந்து கொடுப்பதைப் போன்றதாகும்.

ஆதலின் மூன்று விதிகளை வரிசை தவறாமல் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, பதிவேட்டின் கடைசி வரிகளைப் படித்து அப்படியே எழுதி வைத்துக்கொள்ளல். இரண்டாவது, சர்வர் நின்றிருக்கும் நிலையிலேயே, கணக்கு இருக்கும் அடைவு முழுவதையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்தல். பிரதி கையிலிருந்தால் எந்தத் தவற்றையும் திருத்தலாம். இல்லாவிட்டால் முதல் தவறே கடைசித் தவறாகிவிடலாம். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு மாறுதல் மட்டும் செய்து, செய்ததைக் காகிதத்தில் குறித்தல். ஐந்தை ஒருசேர மாற்றியவர், எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிறகு அறிய இயலாது.

வழக்கமாகக் காணும் காரணங்கள்

சர்வர் தொடங்க மறுப்பதற்கு அடிக்கடி காணும் காரணங்கள் சிலவே. அவற்றை எளியதிலிருந்து கடியதற்குச் செல்லும் முறையில் கூறுவோம்.

தட்டில் இடம் தீர்ந்துபோதல் மிகச் சாதாரணமான காரணம். எழுத இடமில்லாத கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். அந்தத் தட்டில் இருக்கும் பழைய பிரதிகள், வேறு காரியத்துக்கான கோப்புகள் முதலியவற்றை அப்புறப்படுத்தி இடம் உண்டாக்கினால் சர்வரை மீண்டும் தொடங்கலாம். கணக்குக்கு உரிய அடைவிலிருந்து மாத்திரம் ஒரு கோப்பையும் நீக்கலாகாது.

அடுத்தது, ஒரே நாற்காலிக்கு இருவர் வருதல். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432 என்ற எண்ணுடைய வாயிலில் அமர்ந்து கேட்போருக்கு விடையளிக்கும். அவ்வாயிலில் முன்பே வேறொரு சர்வர் அமர்ந்திருந்தால், புதிதாக வருவது “இடம் பிடிக்கப்பட்டுள்ளது” என்று எழுதிவிட்டு நிற்கும். தான் வேலையில் இருப்பதற்கு அடையாளமாகச் சர்வர் ஒரு பூட்டுக் கோப்பையும் கணக்கு அடைவில் வைத்திருக்கும். அக்கோப்பு இருப்பதால்தான் திறக்கவில்லையென்று அதை அழித்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இஃது ஆபத்தானது. பழைய சர்வர் உண்மையாகவே இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பேரேட்டில் எழுதும் நிலை வரும். அதற்குப் பின் எந்தப் பக்கமும் நம்பத் தக்கதாயிராது. முன்னது இயங்குகிறதா என்று பார்த்தறிந்த பின்னரே பூட்டைப் பற்றி நினைக்க வேண்டும்.

மூன்றாவது, உரிமை மாறிப்போதல். கணக்கு அடைவுக்கு உரியவர் சர்வரின் பெயரிலுள்ள பயனர் ஒருவரே. அதைப் பிறர் பெயரில் பிரதி எடுத்து மீண்டும் வைத்தாலோ, எல்லாரும் திறக்கலாமென்று அனுமதியைத் தாராளமாக்கினாலோ சர்வர் தொடங்க மறுக்கும். இரும்புப் பெட்டி திறந்து கிடக்கும் அறையில் உட்கார மாட்டேன் என்று சொல்லும் பொக்கிஷதாரைப் போன்றது இது. உரிமையைப் பழையபடி அமைத்தால் தடை நீங்கும்.

நான்காவது, ஏற்பாட்டுக் கோப்பில் பிழை. யாரேனும் ஒரு வரியைத் தவறாக எழுதியிருப்பர். அல்லது கம்ப்யூட்டரிடம் இல்லாத நினைவகத்தைக் கேட்டிருப்பர். எந்த வரியில் பிழை என்பதைப் பதிவேடு பெரும்பாலும் எண்ணிட்டே காட்டும். ஒருவர் நேற்று மாற்றியதை இன்று மற்றவர் அறியாதிருப்பதே இங்குச் சிக்கலுக்குக் காரணம்.

ஐந்தாவது, பதிப்பு மாறுதல். கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும்போது சர்வரும் புதிய பெரும் பதிப்பாகிவிடுவதுண்டு. பழைய பதிப்பு எழுதிய அடைவைப் புதிய பதிப்பு நேரே திறவாது. கணக்கு அழியவில்லை, எழுத்து முறைதான் மாறியிருக்கிறது. பழைய பதிப்பையே திரும்ப நிறுவலாம். அல்லது முறைப்படி மாற்றி எடுக்கலாம். “காலி அடைவு ஒன்றைப் புதிதாக அமைத்தால் திறக்கிறது” என்று யாரேனும் சொன்னால், திறப்பது வெற்று ஏடு என்பதை மறக்கலாகாது.

மேற்கூறிய ஐந்திலும் கணக்குக்குச் சேதம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டே பழுதாகி ஏட்டின் பக்கங்கள் சிதைவது ஆறாவது வகை. அது நேர்ந்தால் நிபுணர் வரும்வரை எதையும் தொடாதிருத்தலே நலம்.

பெயரால் வந்த விபரீதம்

அவசரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் போஸ்ட்கிரெஸின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. மேலே குறிப்பேடு என்று சொன்னோமே, அதன் கோப்புகள் முன்பு ‘பீஜீ எக்ஸ்லாக்’ என்னும் அடைவில் இருந்தன. ‘லாக்’ என்னும் சொல்லைக் கண்டு, இவை வேண்டாத பழைய பதிவுகள் என்று கருதி, தட்டில் இடம் தீர்ந்த நேரத்தில் அவற்றை அழித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு கோப்பும் வழக்கமாக 16 மெகாபைட் அளவுள்ளது. நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் கண்ணை உறுத்தும். அழித்ததும் இடம் கிடைத்தது. ஆனால் பேரேட்டை நிறைவு செய்யும் குறிப்பேடு போயிற்று. அதற்குமேல் சர்வர் எழவில்லை. இந்த ஆபத்தைத் தவிர்க்கும் பொருட்டே 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் அவ்வடைவின் பெயரை ‘பீஜீ வால்’ என்று மாற்றினார்கள்.

குறிப்பேட்டை வெறுமையாக்கிச் சர்வரை வலிந்து எழுப்பும் கருவியும் ஒன்று உண்டு. அது கடைசிக் கட்டத்தில், எல்லாவற்றையும் பிரதி எடுத்த பின்பு, எஞ்சியதை மீட்டு வெளியே எடுப்பதற்காக மட்டும் உபயோகிக்க வேண்டியது. அதனால் சர்வர் எழுந்துவிடும். ஆனால் கணக்கு ஒத்திருக்கும் என்னும் உறுதி இராது. எழுந்த சர்வரைக் கண்டு மகிழ்ந்து அதிலேயே தொடர்ந்து கூலிக் கணக்கு எழுதுவது பெருந்தவறாகும்.

ஒரு நிறுவனத்தின் அனுபவம்

2017 ஜனவரி 31 அன்று நடந்த ஒரு நிகழ்ச்சி எல்லாச் சங்கங்களும் அறியத் தக்கது. மென்பொருள் எழுதுவோர் தம் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் சேவை போஸ்ட்கிரெஸை நம்பியே நடந்துவந்தது. முதன்மைச் சர்வர் ஒன்று, அதன் கணக்கை அவ்வப்போது பெற்று வைத்துக்கொள்ளும் துணைச் சர்வர் ஒன்று என இரண்டு இருந்தன. அன்று பளு மிகுந்து, துணைச் சர்வர் பின்தங்கிப்போயிற்று. அதை மீண்டும் இணைக்கும் வேலையில் முதன்மைச் சர்வரின் ஏற்பாட்டில் ஒரு மாறுதல் செய்து திரும்பத் தொடங்கியபோது, அது தொடங்க மறுத்தது. ஒரே நேரத்தில் 8,000 இணைப்புகளை ஏற்பதென்று முன்பே எழுதியிருந்த அளவு மிக அதிகம் என்பதே காரணம். அதை 2,000 ஆகக் குறைத்ததும் சர்வர் எழுந்தது. அதுவரை கையாண்ட முறை சரியே.

ஆனால் துணைச் சர்வருக்குப் பிரதி எடுக்கும் கருவி ஒன்றும் பேசாமல் நின்றது. உண்மையில் அது பழுதன்று. முதன்மைச் சர்வர் அனுப்பத் தொடங்கும்வரை மௌனமாகக் காத்திருப்பதே அதன் இயல்பு என்பது பின்னரே தெரிந்தது. இரவு முற்றியிருந்தது, உடல் களைத்திருந்தது. துணைச் சர்வரிலுள்ள அடைவை நீக்கிவிட்டு மறுபடி முயலலாமென்று கருதிய பொறியாளர், முதன்மைச் சர்வரின் அடைவை நீக்கும்படி கட்டளை கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜிகாபைட்தான்.

பிரதிகள் எங்கே என்று தேடினார்கள். அன்றாடம் பிரதி எடுக்கும் நிரல் சர்வரின் பதிப்புக்கு ஒவ்வாத பழைய பதிப்பாயிருந்ததால் நெடுநாளாக ஒன்றையும் எடுக்கவில்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் பெறுமிடத்தில் நிராகரிக்கப்பட்டதால் எவர் கண்ணிலும் படவில்லை. பிரதி இருக்க வேண்டிய தொலைக் களஞ்சியம் வெறுமையாயிருந்தது. தற்செயலாக, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. மறுநாள்தான் சேவை மீண்டது. இடைப்பட்ட மணிகளின் கணக்குத் திரும்பவில்லை. சுமார் 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என அந்நிறுவனமே மதிப்பிட்டது. நடந்ததை ஒளியாமல் அது உலகறிய வெளியிட்டதனால்தான் நாமும் அதை இன்று படிக்க முடிகிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தொடங்க மறுத்த சர்வரால் நஷ்டம் வரவில்லை. பொறுமையிழந்த கையாலும், சோதித்துப் பாராத பிரதியாலுமே நஷ்டம் வந்தது.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

நமது சங்கங்கள் அந்நிறுவனத்தைப் போல் பெரியவை அல்ல. ஆயினும் நூறு குடும்பங்களின் ஒரு வாரக் கூலி அந்தக் குடும்பங்களுக்குப் பெரியதே. ஆகவே அடுத்த மகாசபையில் லாபப் பங்கீட்டைப் பற்றிக் கேட்பதோடு இந்த மூன்று கேள்விகளையும் அங்கத்தினர்கள் கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது? அதே கம்ப்யூட்டரிலேயே இருந்தால் அது பிரதியாகாது. அதே அறையில் இருந்தாலும் தீயும் வெள்ளமும் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும்.

அந்தப் பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தது எந்தத் தேதியில்? பிரதி எடுக்கிறோம் என்னும் விடை போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, ஓர் அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தொகை ஒத்ததென்று காரியதரிசி கையொப்பமிட்ட குறிப்பு வேண்டும். முளைப்புத் திறனைச் சோதியாத விதையை நாம் வயலில் இடுவதில்லை அன்றோ?

சர்வர் தொடங்காதபோது அதில் கைவைக்கும் அதிகாரம் யாருக்கு? அது ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். அவர் இல்லாதபோது யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சர்வர் வேறிடத்திலிருந்து பொதுவாக நடத்தப்படும் சங்கங்களில், யாரிடம் முறையிடுவது, எத்தனை மணி நேரத்தில் விடை வரும் என்பதையேனும் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றோடு நிர்வாகக் குழு செய்து வைக்கத் தக்க காரியம் ஒன்றும் உண்டு. சர்வர் வராத நாளில், விதிகளுக்கு உட்பட்டு, அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தில் கண்ட பதிவைக் கொண்டு கூலியில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுக்கலாம் என்று முன்னதாகவே தீர்மானம் நிறைவேற்றி வைக்கலாம். அவ்வாறாயின் பாஸ் புத்தகத்தில் தவறாமல் பதிவு செய்யும் பழைய வழக்கத்தையும் நாம் கைவிடலாகாது. இதனால் வரிசையில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். அதைவிடவும் பெரிய பயன் ஒன்று உண்டு. வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்களே என்னும் பதற்றம் இல்லாதபோதுதான், உள்ளே இருப்பவர் பதிவேட்டை நிதானமாகப் படிப்பார்; பிரதி எடுத்த பிறகு தொடுவார்; ஒன்றை மாற்றி, அதன் பலனைப் பார்த்து, மற்றொன்றை மாற்றுவார்.

பூட்டிய பேரேடு மறுபடி திறக்கும். கிழித்த பேரேடு திறவாது. அடுத்த முறை சர்வர் எழ மறுக்கும் நாளில் இதை நினைவுகூர்ந்து, முதலில் கையை எடுத்துக்கொண்டு கடைசி வரியைப் படிக்கும் பழக்கத்தை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளுமாக.